கடுகுச் சோதனை

மூன்றாவது சனிக்கிழமையும்
ஓல்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் அதே கடை.
வாசலில் எழுபத்தொன்பது பிராங்.
உள்ளே போகப் போக விலை
மூலஸ்தானத்தை நெருங்குவது போல ஏறும்.
கடைசியில், கண்ணாடிக்குள்,
வயரில்லாத ஒன்று: அறுநூற்று நாற்பது.
அதற்கு முன்னால்தான் நிமலன் நின்றார்,
செருப்பைக் கழற்றாத குறை.

எனக்கு மெஷின் தெரியும்.
பல்வைத்தியரின் கிளினிக்கில் கிழமைக்கு ஐந்து இரவு
சிவப்பு உருளை ஒன்றை
நாய்க்குட்டி போல இழுத்துத் திரிகிறேன்.
எதன் சக்கரம் கம்பளத்தில் சிக்கும்,
எதன் கழுத்து ஆறு மாதத்தில் வெடிக்கும் என்று
கைப்பிடியைத் தொட்டாலே சொல்லுவேன்.
ஆனால் அது அவர்களுடைய தூசு.
சொந்தத் தூசுக்கு எட்டு வருடமாகத் தும்புத்தடிதான்.

விற்கிற பெடியன், நெஞ்சில் ரேட்டோ என்று பெயர்,
வாட் சொன்னான், டெசிபல் சொன்னான்,
"இதற்குப் பை இல்லை, பைச் செலவும் இல்லை.
உறிஞ்சினதெல்லாம் வெளியே தெரியும்" என்றான்.
என் வீட்டு ஊத்தையை நான் ஏன் தம்பி
மீன்தொட்டி மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க வேணும்?
இதை டொச்சில் சொல்ல வரவில்லை.
"நைன்" என்று மட்டும் சொன்னேன்.

ஜாக்கெட் பையில், டிஷ்யூவில் மடித்த கடுகு.
அவன் திரும்பின நேரம்
மாதிரிக் கம்பளத்தில் கொட்டினேன்.
மாவை எந்த மெஷினும் இழுக்கும்.
கடுகு ஓடும். நாரிடுக்கில் இறங்கி
சாமத்தில் வந்த விருந்தாளி மாதிரி
எழும்பமாட்டேன் என்று படுக்கும்.
எழுபத்தொன்பது கத்தியது, எடுக்கவில்லை.
முந்நூற்று இருபது கடுகைச் சுவருக்கு எறிந்தது.
நிமலன் பொரிச்சட்டி வரிசைக்குள் போய்விட்டார்,
என்னை யாரென்றே தெரியாத முகத்தோடு.

ரேட்டோ பார்த்துவிட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்து
நொறுக்கி, கடுகுக்குப் பக்கத்தில் போட்டு,
மூலையில் கிடந்த சாம்பல் நிறத்தைக்
கண்ணால் காட்டினான்.

நூற்றுப் பத்தொன்பது.
பை உள்ளது. ஏழரை மீட்டர் வயர்,
ஹாலில் செருகினால் கட்டிலுக்குக் கீழேயும் போகும்.
ஒரே இழுவை.
கடுகுமில்லை, பிஸ்கட்டுமில்லை.

காசு கட்டுகிற இடத்தில்தான் கண்டேன்:
ஐந்து பை பதினான்கு தொண்ணூறு.
மாப்பிள்ளை சீதனமே வேண்டாமென்றாராம்,
தேத்தண்ணிக்கு மட்டும் மாதாமாதம் காசு கேட்டாராம்.

ஞாயிறு. மெஷின் ஹாலில் சும்மா நிற்குது.
கீழ்வீட்டு ஃபிராவ் எக்கன்ஷ்வீலர்
ஞாயிறில் ஒரு கரண்டி விழுந்தாலும்
ஏறி வந்து கதவைத் தட்டுவா.
நிமலன் வயரைச் செருகாமலே
அறைக்கும் ஹாலுக்குமாக
இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்.

திங்கள் பின்னேரம் ஐந்து மணி.
கட்டிலுக்குக் கீழே, குழாய்க்குள்
கிளிங்.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
மைத்துனி மகளின் சாமத்திய வீட்டிலிருந்து
வந்த இரவு விழுந்த தோட்டுச் சுரை.
இருபத்திரண்டு கரட், கடுகளவு.

இப்போது பால்கனி.
இலவசப் பேப்பரை விரித்து,
மூன்று பிராங் பெறுமதியான புதுப் பையைக்
கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
தலைமயிர், பஞ்சு, நிமலனின் நகம்,
குளிசை மட்டையின் வெள்ளித்தாள்,
பிறகு கடுகு. எங்கள் குசினிக் கடுகு.
கட்டிலுக்குக் கீழே அதற்கு என்ன வேலையோ.

நிமலன் டோர்ச் பிடிக்கிறார்.
"அந்த வெளியே தெரிகிறதை வாங்கியிருந்தால்" என்று
தொடங்கி, என் முகத்தைப் பார்த்து
மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.
சத்தமே இல்லாமல்.

சுரை இன்னும் இல்லை.
இன்னும் ஒரு பிடி தூசு இருக்குது.
ஆரே ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்புது.
"கதவைச் சாத்துங்கோ" என்றேன்.